பிறந்த குடியே குற்றம்: போன சட்டமும் போகாத ரிஜிஸ்தரும்

மும்பையிலிருந்து சென்னை மார்க்கமாக ஊருக்குப் போகும் நம்மவர்களுக்குச் சோலாப்பூர் பழகிய ஸ்டேஷன். வண்டி நின்றதும் இறங்கித் தண்ணீர் பிடிப்பார்கள். சோலாப்பூர் போர்வை ஒன்றாவது வாங்கிப் போகாத குடும்பஸ்தர் குறைவு. அந்த ஊருக்குள் "செட்டில்மெண்ட்" என்று ஒரு பகுதி உண்டு. விலாசத்தில் "ஃப்ரீ காலனி" என்றும் சேர்த்து எழுதுவார்கள். சுதந்திரக் குடியிருப்பு என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தால், பக்கத்திலேயே சுதந்திரம் இல்லாத குடியிருப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இருந்தது. கம்பி வேலி போட்டு அதற்குள்ளே ஆண், பெண், குழந்தை குட்டி என்று குடும்பம் குடும்பமாக வைத்திருந்தார்கள். பகலில் ஊரிலுள்ள பஞ்சாலைகளுக்கு வேலைக்குப் போகலாம். மாலையில் வேலிக்குள் திரும்பிவிட வேண்டும். ஆஜர் எடுப்பார்கள். நன்னடத்தை என்று அதிகாரிகள் சர்டிபிகேட் கொடுத்தால் வேலிக்கு வெளியே குடியிருக்கலாம். அதற்குத்தான் "ஃப்ரீ" என்று பெயர். அப்போதும் போலீஸ் கண்காணிப்பு போகாது.

உள்ளே இருந்தவர்கள் எல்லோரையும் கோர்ட்டு தண்டித்து அனுப்பவில்லை. பலர் மீது ஒரு கேஸ்கூடக் கிடையாது. கைக்காடி, பாம்டா, பார்தி, கஞ்சர்பாட் என்று இன்ன குடியில் பிறந்தார்கள் என்பதே அவர்கள் செய்த குற்றம். பம்பாய் மாகாணத்தில் இப்படி ஹூப்ளி, கதக், பீஜப்பூர் ஆகிய ஊர்களிலும் செட்டில்மெண்ட் இருந்தது. சோலாப்பூர்தான் பெரியது.

உப்பு சுமந்தவர்கள்

இந்தக் குடிகளில் கைக்காடியைப் பற்றி நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மராட்டிய கிராமங்களில் கூடை முடைந்து விற்பவர்கள் இவர்கள். இவர்கள் வீட்டுக்குள் பேசும் பேச்சு மராட்டி அல்ல. தமிழுக்கு மிக நெருங்கிய உறவு என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் குறவர், ஆந்திராவில் எருகலர், கர்நாடகத்தில் கொரவர், மராட்டியத்தில் கைக்காடி. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள்.

குறவர்களில் ஒரு பிரிவுக்கு உப்புக் குறவர் என்றே பெயர். கடலோர அளங்களில் உப்பு வாங்கிக் கழுதை மீதும் பொதிமாட்டின் மீதும் ஏற்றி, உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டு போவார்கள். திரும்பும்போது தானியம் வரும். வண்டி போகாத ஊருக்கெல்லாம் இவர்கள் போனார்கள். இவர்கள் வராவிட்டால் அந்த ஊர்களில் குழம்புக்கு உப்பு இல்லை. அந்தக் காலத்தில் இவர்களை யாரும் திருட்டுக் கூட்டம் என்று சொல்லவில்லை.

1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் முதல் ரயில் ஓடியது. அதற்குப் பின் பாதை நீண்டுகொண்டே போயிற்று. கழுதை பல நாள் சுமந்த உப்பு, கூட்ஸ் வாகனில் ஒரே நாளில் வந்து இறங்கியது. உப்பு விஷயத்தில் சர்க்கார் செய்த கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. பொதிமாடுகள் செத்தன. வியாபாரம் போயிற்று, ஊர் ஊராக நடக்கும் பழக்கம் மட்டும் மிஞ்சியது. ரயில் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறது. இவர்கள் சோற்றில் மண்ணைப் போட்டது.

பம்பாயிலிருந்து வந்த ரயில் பாதையும் சென்னையிலிருந்து போன பாதையும் ரெய்ச்சூரில் சந்தித்தது 1871-ல். நாம் ஊருக்குப் போய்வரும் பாதை அது. அதே 1871 அக்டோபர் 12-ந் தேதி இந்திய சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. அதன் பெயர் குற்றப் பழங்குடியினர் சட்டம். இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தது தற்செயல்தான். ஆனாலும் நினைத்துப் பார்க்க வேண்டிய தற்செயல்.

தச்சன் மகன் தச்சன்!

வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட மெம்பராக இருந்த ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற வெள்ளைக்காரர் இந்தச் சட்டத்துக்குச் சொன்ன நியாயம் வேடிக்கையானது. இந்தியாவில் தொழில் என்பது ஜாதியோடு பிறக்கிறது. தச்சன் மகன் தச்சனாகிறான், நெசவாளி மகன் நெசவாளியாகிறான். அதேபோலத் திருட்டையே ஜாதித் தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கத்தானே வேண்டும் என்று அவர் வாதாடினார். நம் ஊர் ஜாதிக் கணக்கை வெள்ளைக்காரர் எடுத்து, வெள்ளைக்காரர் சட்டத்தை அதன்மேல் பூசி, நம்மிடமே திருப்பிக் கொடுத்தார். நம்மில் மேல்தட்டில் இருந்தவர்கள் பலர் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் வட இந்தியாவுக்கு வந்த சட்டம், 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை, பம்பாய் உள்பட நாடு முழுவதற்கும் வந்தது. 1924-ல் மறுபடியும் தொகுக்கப்பட்டது. சர்க்கார் கெஜட்டில் ஒரு குடியின் பெயர் வந்துவிட்டால் தீர்ந்தது. அந்த அறிவிப்பு சரியா, தப்பா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். பெயரைப் பதிய வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். இருப்பிடம் மாறினால் சொல்ல வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும்.

தண்டனையிலும் இவர்களுக்குத் தனித் தராசு. அட்டவணையில் உள்ள குற்றத்துக்காக இரண்டாவது தடவை தண்டனை பெற்றால் ஏழு வருஷத்துக்குக் குறையாமல் சிறை. மூன்றாவது தடவை என்றால் ஆயுள் தண்டனை. அதே திருட்டை வேறு ஜாதிக்காரர் செய்தால் இந்தக் கணக்கு இல்லை. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் போடவும் சட்டத்தில் இடம் இருந்தது.

மதுரைப் பக்கத்தில் இதைக் "கைரேகைச் சட்டம்" என்றுதான் சொன்னார்கள். பிறமலைக் கள்ளர் கிராமங்களில் ஆண்பிள்ளைகள் இரவில் சொந்த வீட்டில் படுக்க முடியாது; சாவடியிலோ போலீஸ் சொன்ன இடத்திலோ படுக்க வேண்டும். அவசரத்துக்கு வெளியூர் போக வேண்டுமென்றால் "ராத்திரிச் சீட்டு" வாங்க வேண்டும். பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டாலும் சீட்டு.

1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூர் கிராமத்து ஜனங்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்படப் பதினாறு பேர் மாண்டார்கள். பிடிபட்டவர்களுக்காக மதுரையில் வழக்காடியவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரிலிருந்து வந்த மலையாளி அவர். கோட்டில் ரோஜாப்பூ செருகியிருப்பாராம். அதனால் அந்தச் சீமையில் அவருக்கு "ரோசாப்பூ துரை" என்று பெயர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்த குடும்பங்கள் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு வக்கீல், தன் ஜாதியும் இல்லாத, தன் பாஷையும் இல்லாத ஜனங்களுக்காக நின்றார். வெளிமாநிலத்தில் பிழைக்கும் நமக்கு அது ஒரு தனிச் செய்தியாகப் படுகிறது.

சென்னை - விஜயவாடா மார்க்கத்தில் சீராலாவுக்கும் பாபட்லாவுக்கும் நடுவே ஸ்டூவர்ட்புரம் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். எருகலர்களை அடைக்க இரட்சணிய சேனையார் பொறுப்பில் 1913-ஐ ஒட்டி ஏற்பட்ட செட்டில்மெண்ட் அது. கவர்னர் கவுன்சில் மெம்பர் ஹரால்டு ஸ்டூவர்ட் பெயரை வைத்தார்கள். சீராலாவில் இருந்த புகையிலைக் கம்பெனிக்குக் குறைந்த கூலியில் ஆள் கிடைத்தது. சோலாப்பூரில் பஞ்சாலை, சீராலாவில் புகையிலை. "திருத்துவது" என்ற பெயரில் யாருக்கு லாபம் என்று கணக்குப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பெயரைத் தலைப்பில் வைத்து 1991-ல் தெலுங்கில் சினிமாவும் வந்துவிட்டது. ஊர்க்காரப் பிள்ளைகள் வேலைக்கு மனுப்போடும்போது விலாசத்தைப் பார்த்துப் புருவம் உயர்த்துவோருக்கு அந்த மாதிரிப் படங்களே போதும்.

சட்டம் போயிற்று, பிறகு?

1936-ல் நெல்லூரில் பேசிய ஜவாஹர்லால் நேரு, ஒரு குடியையே குற்றவாளி என்று முத்திரை குத்துவது எந்த நீதியிலும் சேராது என்று கண்டித்தார். சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ரத்தாயிற்று. பம்பாயில் 1949. பின்னாளில் லோக்சபா சபாநாயகராக இருந்த அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் கமிட்டி அமைத்து விசாரித்த பிறகு, 1952 ஆகஸ்டு 31-ல் நாடு முழுவதும் ஒழிந்தது. அந்த ஆகஸ்டு 31-ஐ இன்றும் அந்த ஜனங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கெல்லாம் ஆகஸ்டு 15. இவர்களுக்கு அதற்கு ஐந்து வருஷமும் சில நாளும் கழித்து.

மராட்டியத்தில் இவர்களுக்கு "விமுக்த ஜாதி" என்று பெயர், 14 பிரிவுகள். தமிழ்நாட்டில் "சீர்மரபினர்", 68 பிரிவுகள். வெறும் பெயர் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1979-ல் ஒரு அரசாணை "பழங்குடி" என்ற சொல்லை எடுத்துவிட்டுச் "சமூகம்" என்று போட்டது. அதைத் திரும்பப் பெற நாற்பது வருஷம் போராடி, 2019-ல்தான் ஓரளவு பலன் கிடைத்தது. சர்டிபிகேட்டில் ஒரு சொல் என்ன பாடுபடுத்தும் என்பது குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் பழைய சட்டம் போகும் முன்பே புதுச் சட்டம் வந்துவிட்டது. அதன் பெயர் பழக்கக் குற்றவாளிகள் சட்டம். பம்பாயில் 1947, சென்னையில் 1948. இதில் ஜாதிப் பெயர் இல்லை; தனி மனிதர் செய்த குற்றத்தைத்தான் பார்க்கும். காகிதத்தில் அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் பீரோவில் இருந்தது அதே பழைய ரிஜிஸ்தர். அதே ஊர், அதே தெரு, அதே தகப்பன் பெயர்.

தமிழில் "கேடி" என்று சர்வசாதாரணமாகத் திட்டுகிறோம். கேடு என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். போலீஸ் ரிஜிஸ்தரில் "தெரிந்த கொள்ளைக்காரர்" என்பதற்கு வெள்ளைக்காரர் போட்ட இரண்டு எழுத்து அது: கே, டி. அந்த இரண்டு எழுத்து வீட்டுப் பேச்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. ரிஜிஸ்தர் நம் வாயிலேயே இருக்கும்போது, பீரோவில் இருப்பது ஆச்சரியமா?

மராட்டிய எழுத்தாளர் லட்சுமண் மானே, கைக்காடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஊர் ஊராகக் கழுதையோடு நடந்த தன் பிள்ளைப் பருவத்தை "உபரா" என்ற புத்தகமாக 1980-ல் எழுதினார். அதற்கு 1981-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. உபரா என்றால் வந்தேறி, அன்னியன். இந்த நகரத்தில் "மதராசி" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு மாநிலத்தாரையும் அடைத்து வசை பாடிய காலத்தைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு, அந்தத் தலைப்பின் எரிச்சல் விளங்கும்.

டெல்லியில் போலீசார் வைத்திருந்த ஒரு ஹிஸ்டரி ஷீட் சம்பந்தமான வழக்கில், 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுமைக்குமாக ஒரு வார்த்தை சொன்னது. பின்தங்கிய சமூகத்தில் பிறந்தார் என்ற ஒரே காரணத்துக்காக நிரபராதிகளின் பெயரை யந்திரம் போல ஹிஸ்டரி ஷீட்டில் ஏற்றக் கூடாது. மாநிலங்கள் தங்கள் வழக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நடக்காத ஒன்றைப் பற்றிக் கோர்ட்டு அப்படிச் சொல்லியிருக்காது.

ஜெயிலுக்குள்ளும் ஜாதி

அதே 2024-ல் அக்டோபர் 3-ந் தேதி இன்னொரு தீர்ப்பு. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020-ல் ஜெயில்களில் ஜாதி பார்த்து வேலை கொடுப்பதைப் பற்றி எழுதினார். பிறகு அவரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பார்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகிய மூவர் விசாரித்தார்கள்.

பல மாநிலங்களின் ஜெயில் மான்யுவல்களைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது பழைய காலம். சமையலுக்கு இன்ன ஜாதி, கூட்டிப் பெருக்க இன்ன ஜாதி என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள். மேற்கு வங்காள விதி ஒன்றைக் கேளுங்கள். நன்னடத்தைக் கைதிகளை இரவுக் காவலுக்குப் போடலாம். ஆனால் தப்பி ஓடுவதில் இயற்கையாகவே நாட்டமுள்ள வகுப்பினரை, உதாரணமாக நாடோடிக் குடியினரை, போடக் கூடாது. மத்தியப் பிரதேசத்து விதியில், சீர்மரபினர் யாரையும் சர்க்கார் விரும்பினால் பழக்கக் குற்றவாளி என்று கருதலாம். 1952-ல் ரத்தான சட்டம், ஜெயில் ஆபீஸ் அலமாரியில் 72 வருஷம் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

நம் பாளையங்கோட்டை மத்திய சிறையின் பெயரும் அந்தத் தீர்ப்பில் அடிபட்டது. அங்கே ஜாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனி பிளாக்கில் வைப்பதை, கலவரம் வராமல் தடுக்கத்தான் என்று அதிகாரிகள் சொல்லிவந்தார்கள். சென்னை ஐகோர்ட்டும் முன்பு அதை ஏற்றிருந்தது. சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பாற்ற வேறு வழி பார்க்க வேண்டியது ஜெயில் நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்காக ஜாதிச் சுவர் எழுப்புவது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று முடிவாயிற்று.

கைதிகள் ரிஜிஸ்தரில் ஜாதிக் காலத்தை எடுத்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் மான்யுவல்களைத் திருத்த வேண்டும். பழக்கக் குற்றவாளி என்றால் அந்தந்த மாநிலச் சட்டத்தின் விளக்கப்படிதான், ஜாதிப்படி அல்ல. சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யாதபடி போலீசார் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி உத்தரவு. டிசம்பர் 30-ந் தேதி மத்திய உள்துறை மாதிரி விதிகளைத் திருத்தியது. ஆனால் சிறை மாநில சர்க்கார் விவகாரம். ஒவ்வொரு மாநிலமும் தன் புத்தகத்தைத் தானே திருத்தினால்தான் உண்டு.

ஆறு பேர், நாலு போட்டோ

"ஜாதியைப் பார்த்துச் சந்தேகப்பட்டால் என்ன, குற்றம் செய்யாதவன் கடைசியில் வெளியே வந்துவிடுவான்" என்று சொல்பவர்கள் உண்டு. மேற்கு வங்காளத்துப் புருலியா மாவட்டத்தில் புதன் சபர் என்ற கேரியா சபர் குடி இளைஞர் வெளியே வரவில்லை. 1998 பிப்ரவரியில் போலீசார் கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் காவலிலேயே இறந்தார். எழுத்தாளர் மகாசுவேதா தேவி முன்னின்று நடத்திய சங்கம் கல்கத்தா ஐகோர்ட்டுக்குப் போன பிறகுதான் உண்மை வெளிவந்தது. தமிழ்நாட்டில் 1993-ல் கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனில் குறவர் குடித் தொழிலாளி ஒருவர் திருட்டுக் கேஸ் விசாரணையில் அடித்துக் கொல்லப்பட்டார். வக்கீலாக இருந்த சந்துரு நடத்திய வழக்கு அது. போலீசார் தண்டிக்கப்படப் பதிமூன்று வருஷம் ஆயிற்று. அந்தக் கதைதான் சில மாற்றங்களோடு 2021-ல் "ஜெய் பீம்" படமாக வந்தது.

வெளியே வந்தவர்கள் கதையையும் பார்ப்போம். இது நம் மராட்டிய மாநிலத்தில் நடந்தது. செய்தியாக வந்தபோது பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

2003 ஜூன் 5-ந் தேதி இரவு. நாசிக் மாவட்டத்தில் தோட்டக் குடிசை ஒன்றில் வசித்த ஏழைக் குடும்பத்தின் மீது ஒரு கும்பல் பாய்ந்தது. பணம், நகையைப் பறித்தது. ஒரு சிறுமி உள்பட ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். பலாத்காரமும் நடந்தது. குற்றுயிராகத் தப்பியவர்கள் இருவர்: அந்த வீட்டுப் பெண்ணும் அவள் மகனும். கொடூரமான குற்றம், அதில் சந்தேகமே இல்லை. கொலைகாரர்களைப் பிடிக்க வேண்டும் என்று ஊரே கொதித்ததிலும் தப்பில்லை.

போலீசார் ஆறு பேரைப் பிடித்தார்கள். ஆறு பேரும் நாடோடிக் குடியினர். கூலி வேலை செய்பவர்கள். 2006-ல் செஷன்ஸ் கோர்ட்டு ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. 2007-ல் பம்பாய் ஐகோர்ட்டு மூவருக்குத் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த மூவருக்கும் மறுபடி தூக்கையே கொடுத்தது. ஆக, நாட்டின் மூன்று படிக் கோர்ட்டும் ஏறி இறங்கி, ஆறு பேருக்கும் கயிறு நிச்சயமாகிவிட்டது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர் என்பதே பின்னால்தான் தெரியவந்தது.

தூக்குத் தண்டனைக் கைதியாக ஒருவர் எப்படி நாளைக் கழிப்பார்? வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் நெஞ்சு நிற்கும். பத்து வருஷம் அப்படிப் போயிற்று.

மறுபரிசீலனை மனு 2018-ல் எடுத்துக்கொள்ளப்பட்டது. 2009 தீர்ப்பைத் திரும்பப் பெற்று, கேஸ் கட்டை முதலிலிருந்து படித்தார்கள். நீதிபதிகள் சிக்ரி, அப்துல் நசீர், ஷா ஆகிய மூவர் 2019 மார்ச் 5-ந் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு பேரும் நிரபராதிகள், விடுதலை. ஒவ்வொருவருக்கும் மாநில சர்க்கார் 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். தவறான விசாரணை செய்த அதிகாரிகளைக் கண்டுபிடித்து இலாகா நடவடிக்கை எடுக்க வேண்டும். அதற்குள் ஆறு பேரின் ஆயுளில் பதினாறு வருஷம் ஜெயிலில் தீர்ந்திருந்தது.

இவர்கள் நாடோடிக் குடியினர், சமூகத்தின் அடித்தட்டைச் சேர்ந்தவர்கள், பரம ஏழைக் கூலிகள் என்பதைத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டு, அதனால் பொய்யாகச் சேர்க்கப்பட்டிருக்கக் கூடும் என்ற சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது என்று கோர்ட்டு எழுதியது. பெரிய குற்றம் நடந்து, ஆளைப் பிடிக்கச் சொல்லி நெருக்கடி வரும்போது அப்பாவிகள் மாட்டுவது நடக்கக்கூடியதுதான் என்றும் சொன்னது.

ஐந்து லட்சத்தைப் பதினாறு வருஷத்துக்கு வகுத்துப் பார்த்தால், மாதத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்ச் சொச்சம். கூலி வேலைக்கு வெளியே நின்றிருந்தால் இதைவிடக் கூடுதலாகவே சம்பாதித்திருப்பார்கள். ஒரு பெட்டிக் கடையாவது வைத்திருப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்த்திருப்பார்கள்.

இந்தக் கேஸ் கட்டில் இன்னொரு காகிதம் இருந்தது. அதுதான் கடைசியில் ஆறு பேர் உயிரையும் காப்பாற்றியது. சம்பவம் நடந்து இரண்டே நாளில், உயிர் தப்பிய அந்தப் பெண்ணிடம் போலீசார் குற்றவாளிகள் போட்டோ ஆல்பத்தைக் காட்டினார்கள். காயத்தோடு இருந்த அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்து, நாலு பேரைச் சுட்டிக் காட்டினாள். அந்த நாலு பேரில் ஒருவர்கூடப் பின்னால் பிடிபட்ட ஆறு பேரில் இல்லை. அந்த ஆல்பமும் போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்தர் வகையைச் சேர்ந்ததுதான். அதை முறையாகப் பயன்படுத்தக் கிடைத்த சந்தர்ப்பம் அது. அந்த அடையாளக் குறிப்பு கேஸ் கட்டிலேயே பல வருஷம் மடங்கிக் கிடந்தது. மூன்று படிக் கோர்ட்டு அதைத் தாண்டிப் போயிற்று.

கண்ணெதிரே குடும்பத்தைப் பறிகொடுத்த பெண் காட்டிய அந்த நாலு பேரைப் பற்றிப் போலீசார் விசாரணையே நடத்தவில்லை என்று 2019 தீர்ப்பு சொல்கிறது.